‘நான் நல்லாத்தானே ஓவர் கொடுத்தேன்!’

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். வேலையிடத்துச் சிக்கல்கள் பற்றிப் பத்திரிகைகளில் வரும் கேள்வி பதில்களில் ஒரு கேள்வி அடிக்கடி தலைகாட்டும். தன் நடத்தை மற்றவர்களை என்ன பாடு படுத்துகிறது என்ற நினைப்பே இல்லாத ஒருவருடன் தினமும் வேலை பார்க்க வேண்டியிருக்கிறது, என்ன செய்யலாம்? பதிலும் பெரும்பாலும் ஒன்றுதான்: அனுசரித்துப் போங்கள், மனதில் போட்டுக்கொள்ளாதீர்கள், நேரம் பார்த்து ஜாடைமாடையாகச் சொல்லிப் பாருங்கள். கணக்கு எழுதும் அலுவலகத்துக்கு இது ஒருவேளை சரிப்படலாம். மருத்துவமனை வார்டுக்குச் சரிப்படாது. அங்கே நாம் அனுசரித்துப் போவதன் பலனைக் கட்டிலில் படுத்திருப்பவர்தான் அனுபவிப்பார். செவிலியர் பணியிலும் பயிற்சியிலும் இருக்கும் நாங்கள் சிலர் சேர்ந்து இதை எழுதுகிறோம்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறோம். இப்படிப்பட்டவர்களை ‘அவங்க ஒரு மாதிரி’ என்று தனிப் பிறவியாக ஒதுக்குவதில் பயனில்லை. தன் முதுகு தனக்குத் தெரியாது என்பது படித்தவர், படிக்காதவர் எல்லோருக்கும் பொருந்தும். மருத்துவர்கள் தங்கள் திறமையைத் தாங்களே எவ்வளவு சரியாக எடைபோடுகிறார்கள் என்பதைப் பற்றிய ஆய்வுகளைத் தொகுத்து அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் இதழில் 2006ல் ஒரு கட்டுரை வந்தது. தன்மதிப்பீட்டையும் வெளியார் மதிப்பீட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்த 20 ஒப்பீடுகளில் 13ல் இரண்டுக்கும் சம்பந்தம் மிகக் குறைவு, அல்லது சம்பந்தமே இல்லை, அல்லது தலைகீழ். படிப்பும் அனுபவமும் கூடினால் தன்னைப் பற்றிய தெளிவும் தானாகக் கூடும் என்று நம்ப இடமில்லை. வார்டில் நிலைமை இன்னும் மோசம். சர்வீஸ் ஏற ஏற, எதிரே நின்று குறை சொல்லும் ஆட்கள் குறைந்துகொண்டே போகிறார்கள்.

ஷிப்டு மாறும் நேரத்தைப் பாருங்கள். போகிறவர் ஒவ்வொரு நோயாளியின் நிலையையும் வருகிறவரிடம் சொல்லி ஒப்படைக்க வேண்டும். எங்கள் பேச்சில் அது ‘ஓவர் கொடுப்பது’, ‘ஓவர் எடுப்பது’. இருபது ஆண்டு சர்வீஸ் உள்ள ஒரு சிஸ்டர் ஓவர் கொடுக்கிறார். நோயாளியின் மகன் ராத்திரி வந்து சண்டை போட்டது, கேன்டீன் காபி, டாக்டர் ரவுண்ட்ஸ் வரத் தாமதமானது எல்லாம் வருகிறது. ஏழாம் பெட்டுக்கு வந்ததும், “சுகர் பரவாயில்ல, இன்சுலின் மூணுல போயிட்டிருக்கு” என்கிறார். அடுத்த பெட்டுக்கு நகர்ந்துவிடுகிறார். கேட்டால் எல்லாவற்றையும் சொல்லிவிட்டதாகத்தான் அவர் நினைப்பார். நேரமும் மற்றவர்களைவிட அதிகம் எடுத்துக்கொண்டிருப்பார்.

அவர் விட்டது என்ன? 50 மில்லி சலைனில் 50 யூனிட் இன்சுலின் கலந்து பம்பில் ஓடுகிறது, மணிக்கு 3 மில்லி என்றால் மணிக்கு 3 யூனிட். இதை வாங்குகிறவருக்கு ரேட்டுடன் இன்னும் மூன்று விஷயம் தெரிய வேண்டும். கடைசி சி.பி.ஜி. (விரலில் குத்திப் பார்க்கும் ரத்தச் சர்க்கரை) எவ்வளவு, எத்தனை மணிக்குப் பார்த்தது, சாப்பாடு போகிறதா இல்லையா. காலை ஆறரைக்கு ஸ்கேனுக்காக ரைல்ஸ் டியூப் ஃபீடை, அதாவது மூக்குக் குழாய் வழியாகப் போகும் உணவை, நிறுத்தியிருக்கிறார்கள். ஃபீடு நின்றது, இன்சுலின் நிற்கவில்லை. புதிதாக வந்தவர் மற்ற பெட்டுகளின் மருந்தை முடித்துவிட்டு ஒன்பது மணிக்கு விரலில் குத்திப் பார்க்கும்போது சர்க்கரை 70க்குக் கீழே இறங்கி, நோயாளி வியர்த்து நனைந்து கிடப்பார். டெக்ஸ்ட்ரோஸ் ஏற்றிக் காப்பாற்றிவிடலாம், பெரும்பாலும். ஆனால் பிறகு விசாரிக்கும்போது ஓவர் கொடுத்த சிஸ்டர் மனதார ஆச்சரியப்படுவார்: “நான் நல்லாத்தானே ஓவர் கொடுத்தேன்!” அவர் பொய் சொல்லவில்லை. தான் சொன்னதைத்தான் அவர் கேட்டிருக்கிறார். சொல்லாமல் விட்டது அவர் காதில் விழ வழியில்லை.

இவரிடம் எப்படிச் சொல்வது? ஜாடை வேலைக்கு ஆகாது. ஜாடையைப் புரிந்துகொள்கிறவராக இருந்தால் இந்தச் சிக்கலே வந்திருக்காது. “கொஞ்சம் பொறுப்பா இருங்க”, “உங்க ஓவர் சரியில்ல” என்பதும் உதவாது. அது அவருடைய குணத்தின் மேல் போய் விழும், அவர் குணத்துக்காக வாதாடத் தொடங்குவார். பணியாளர்களுக்குக் கருத்துச் சொல்வதன் விளைவுகள் பற்றி 1996ல் குளூகர், டிநிசி என்ற இரு ஆய்வாளர்கள் 607 அளவீடுகளைத் தொகுத்துப் பார்த்தார்கள். சராசரியாகக் கருத்துச் சொல்வது பலன் தந்தது. ஆனால் மூன்றில் ஒரு பங்குக்கும் மேற்பட்ட இடங்களில், கருத்துச் சொன்ன பிறகு வேலை முன்பைவிட மோசமாகிவிட்டிருந்தது. கவனம் வேலையை விட்டு ‘நான் எப்படிப்பட்டவன்’ என்ற இடத்துக்குப் போகப் போகப் பலன் குறைகிறது என்பது அவர்கள் தந்த விளக்கம். வார்டில் நாங்கள் பார்ப்பதும் அதுவே.

எனவே சொல்ல வேண்டியதில் நான்கு துண்டுதான் இருக்க வேண்டும். எப்போது நடந்தது, என்ன சொன்னார் அல்லது செய்தார், அதனால் என்ன ஆயிற்று, அடுத்த முறை எது வேண்டும். உதாரணமாக: “அக்கா, ஒரு நிமிஷம். காலைல ஓவர் குடுக்கும்போது ஏழாம் பெட்டுக்கு இன்சுலின் ரேட் சொன்னீங்க. கடைசி சுகர் எத்தனை மணிக்குப் பார்த்ததுன்னு வரல. ஃபீடு நிறுத்தினதும் எனக்குத் தெரியல, ஒன்பது மணிக்குப் பார்த்தா சுகர் அம்பத்தெட்டு. நாளைலேருந்து ரேட், சுகர், பார்த்த நேரம், ஃபீடு நாலையும் சேர்த்துச் சொல்றீங்களா?” இதில் ‘எப்பவும்’, ‘எல்லாரும் சொல்றாங்க’, ‘நீங்க இப்படித்தான்’ எதுவும் இல்லை. குறிப்பாக ‘எல்லாரும் சொல்றாங்க’ வரவே கூடாது. அது காதில் விழுந்த மறுநொடி அவர் யார் யார் என்று கணக்கெடுக்கத் தொடங்கிவிடுவார், ஏழாம் பெட் மறந்துபோகும்.

சொல்லும் நேரம் முக்கியம். அன்றைக்கே சொல்ல வேண்டும், அடுத்த வாரம் சொன்னால் அவருக்கு நினைவே இருக்காது. அதற்காக மருந்து ஏற்றிக்கொண்டிருக்கும்போதோ, நோயாளியின் உறவினர் முன்போ, மாணவிகள் முன்போ சொல்லக் கூடாது. வார்டின் வாட்ஸாப் குழுவில் பெயர் போடாமல் ‘சிலர்’ என்று எழுதுவது இருப்பதிலேயே மோசம். யாரைக் குறித்ததோ அவரைத் தவிர மற்ற எல்லோரும் தங்களைத்தான் சொல்கிறார்கள் என்று நினைத்துக்கொள்வார்கள். முன்னும் பின்னும் பாராட்டை வைத்து நடுவில் குறையைச் சொருகும் வழக்கத்திலும் எங்களுக்கு நம்பிக்கையில்லை. தன் குறை தெரியாதவர் இரண்டு பாராட்டையும் வாங்கிக்கொண்டு மகிழ்ச்சியாகப் போய்விடுவார்.

ஒரு தடவையில் ஒரு பழக்கத்தை மட்டும் எடுங்கள். இரண்டு வாரம் பாருங்கள். சின்ன நோட்டில் தேதி, பெட் எண், விடுபட்டது என்ன, அதனால் என்ன செய்ய வேண்டி வந்தது என்று மட்டும் குறித்துவையுங்கள். நோயாளியின் பெயர் வேண்டாம், ‘அலட்சியம்’, ‘திமிர்’ போன்ற சொற்களும் வேண்டாம். மூன்று முறை நேரில் சொல்லியும் மாறவில்லையென்றால் இன்சார்ஜ் சிஸ்டரிடம் அந்த நோட்டுடன் போகலாம். “அவங்களோட வேலை பார்க்க முடியல” என்று வெறுங்கையுடன் போனால் “ரெண்டு பேரும் பேசித் தீர்த்துக்குங்க” என்று திருப்பி அனுப்பிவிடுவார். நான்கு தேதியும் நான்கு பெட்டும் கையில் இருந்தால் அவரால் அப்படி அனுப்ப முடியாது.

அடுத்த வகையைப் பலர் கண்டுகொள்வதில்லை, ஏனென்றால் அவர் நல்லவர். எல்லோருக்கும் ஓடி ஓடி உதவுவார். பக்கத்து சிஸ்டர் பிஸியாக இருக்கிறார் என்று அவருடைய நோயாளிக்கு எட்டு மணி ஆன்டிபயாடிக்கைப் போட்டுவிடுவார். டிரக் சார்ட்டில் கையெழுத்துப் போடமாட்டார், ‘அவங்க பேஷண்டாச்சே, அவங்களே போட்டுக்கட்டும்’ என்ற மரியாதையில். கால்மணி கழித்து அந்த சிஸ்டர் வருகிறார், கட்டம் காலியாக இருக்கிறது, மறுபடி போடுகிறார். ஆன்டிபயாடிக் என்றால் பெரும்பாலும் தப்பித்தோம். இன்சுலின், ரத்தம் உறையாமல் தடுக்கும் ஹெப்பாரின், பொட்டாசியம் குளோரைடு என்றால் இரட்டை டோஸ் உயிருக்கே ஆபத்து. தன்னைப் பற்றி அவர் வைத்திருக்கும் படம் ‘உதவுகிறவள்’ என்பதால் குறை சொன்னால் மனமுடைந்து போவார். இவரிடம் குணத்தைப் பற்றிப் பேசவே வேண்டாம், விதியை வையுங்கள். ஊசியில் ஏற்றியவரே போட வேண்டும். போட்டவரே, அந்தக் கட்டிலருகிலேயே, நேரத்துடன் கையெழுத்திட வேண்டும். உதவி வேண்டுமா என்று வாய்விட்டுக் கேட்டு, “ஆமா, ஏழாம் பெட்டுக்கு எட்டு மணி டோஸ் நீங்க போடுங்க” என்ற பதில் வந்த பிறகுதான் கை வைக்க வேண்டும்.

மூன்றாவது, நோயாளிகள் முன்னிலையில் ஜூனியர்களைத் திட்டும் இன்சார்ஜ். தான் கற்றுக்கொடுப்பதாக அவர் உறுதியாக நம்புகிறார், தானும் இப்படித் திட்டு வாங்கித்தான் கற்றதாகச் சொல்வார். இங்கே கெட்டுப்போவது ஒன்றே ஒன்று, ஆனால் அது பெரியது. பிழை நடந்தால் ஜூனியர்கள் மறைக்கத் தொடங்குகிறார்கள். ட்ரிப்ஸ் வேகமாக ஓடிவிட்டால் சத்தமில்லாமல் குறைத்துவைப்பார்கள், டோஸ் தவறினால் சார்ட்டை நிரப்பிவிடுவார்கள். மாதக் கடைசியில் பிழைகளைப் பதிவுசெய்யும் சம்பவ அறிக்கைப் படிவம் ஒன்றுகூட வராது. “நம்ம வார்டுல தப்பே நடக்கிறதில்ல” என்று அந்த இன்சார்ஜ் மீட்டிங்கில் பெருமையாகச் சொல்வார், கேட்கிறவர்களும் தலையாட்டுவார்கள். முப்பது படுக்கை உள்ள வார்டில் ஒரு மாதம் முழுக்க ஒரு பிழையும் பதிவாகவில்லையென்றால் அந்த வார்டைத்தான் முதலில் போய்ப் பார்க்க வேண்டும் என்பது எங்கள் கருத்து. நர்சிங் சூப்பிரண்டெண்டுகள் இதைக் கவனிக்க வேண்டும், இன்சார்ஜிடம் பேசக்கூடிய நிலையில் இருப்பவர்கள் அவர்கள்தான். ஜூனியர்கள் போய்ச் சொல்லட்டும் என்று விட்டுவிடுவது நியாயமில்லை.

இருந்தாலும் சில நேரம் ஜூனியர்தான் சொல்லியாக வேண்டும், அந்த நிமிடமே சொல்லியாக வேண்டும். விமானத் துறை இதை உயிர்களைப் பலிகொடுத்துக் கற்றது. 1978 டிசம்பர் 28 அன்று அமெரிக்காவின் போர்ட்லண்டை நெருங்கிய யுனைடெட் 173 விமானத்தில் சக்கரம் சரியாக இறங்கியதா என்ற சந்தேகம் வந்தது. கேப்டன் அதிலேயே மூழ்கிவிட்டார். எரிபொருள் குறைவதை அருகில் இருந்தவர்கள் சொன்னார்கள், ஆனால் நிலைமையின் அவசரம் அவருக்கு உறைக்கும்படி சொல்லவில்லை. எரிபொருள் தீர்ந்து விமானம் விழுந்தது, 10 பேர் இறந்தார்கள். விசாரித்த அமைப்பு இரு பக்கத்துக்கும் பயிற்சி வேண்டும் என்றது. கேப்டன்கள் பிறரைக் கேட்டு முடிவெடுக்கப் பழக வேண்டும், மற்றவர்கள் உறுதியாகச் சொல்லப் பழக வேண்டும். 1981ல் அந்த நிறுவனமே இதற்கான பயிற்சியைத் தொடங்கியது. மருத்துவத் துறை பிறகு அங்கிருந்து நிறைய எடுத்துக்கொண்டது.

அப்படி வந்ததில் ‘இரண்டு முறை சொல்லும்’ விதி எளிமையானது. கவலையை ஒருமுறை சொல்லுங்கள். பதில் வரவில்லையென்றால் வேறு சொற்களில் இரண்டாம் முறை சொல்லுங்கள். அதற்கும் காது கொடுக்காவிட்டால் வேலையை நிறுத்தி மேலே உள்ளவரை அழையுங்கள். சொல்லும் சொற்களும் படிப்படியாக ஏற வேண்டும். “சார், எனக்குக் கவலையா இருக்கு, இவருக்கு பென்சிலின் அலர்ஜின்னு கேஸ் ஷீட்ல இருக்கு.” அடுத்து, “சார், இதைப் போட எனக்குச் சரியாப் படல.” கடைசியாக, “சார், இது பேஷண்டுக்கு ஆபத்து, நான் போடமாட்டேன், ட்யூட்டில இருக்கற பெரிய டாக்டரைக் கூப்பிடறேன்.” நம் வார்டுகளில் முதல் வாக்கியத்தோடு பெரும்பாலும் நின்றுவிடுகிறது. அதுவும் “சார்… அலர்ஜி…” என்று பாதியில். முழு வாக்கியத்தையும் வாய்விட்டுச் சொல்லிப் பழகாதவர்களுக்கு நெருக்கடியில் அது வராது. மாணவிகளைச் சோடி சோடியாக நிறுத்தி, ஒருவர் டாக்டராகவும் ஒருவர் நர்ஸாகவும் இந்த மூன்று வாக்கியத்தையும் சத்தமாகச் சொல்லவைக்க வேண்டும். சிரிப்பார்கள், பரவாயில்லை.

போனில் எரிந்துவிழும் டாக்டர்களைப் பற்றி ஒரு சொல். தான் ‘நேரடியாகப் பேசுபவர்’ என்று அவர் நினைக்கிறார். அவருக்குப் போன் போடப் பயந்து நர்ஸ் ராத்திரி இரண்டு மணியிலிருந்து காலைவரை காத்திருப்பது அவருக்குத் தெரியாது. அவரைத் திருத்த நர்ஸால் ஆகாது, ஆனால் அவர் கோபப்படும் இடத்தைக் குறைக்கலாம். அமெரிக்கக் கடற்படையின் நீர்மூழ்கிகளில் புழங்கிய ‘எஸ்பார்’ (SBAR) என்ற தகவல் சொல்லும் முறையை கைசர் பெர்மனென்டே என்ற அமைப்பு மருத்துவமனைக்குக் கொண்டுவந்தது. அதில் நான்கு படி: இப்போதைய நிலை, பின்னணி, என் மதிப்பீடு, எனக்கு வேண்டியது. போனை எடுக்கும் முன் கேஸ் ஷீட், கடைசி பி.பி., நாடித்துடிப்பு, ஆக்சிஜன் அளவு, அலர்ஜி எல்லாம் கையில் இருக்க வேண்டும். “சார், பேஷண்ட் கொஞ்சம் டல்லா இருக்கார்” என்று தொடங்கினால் யாருக்கும் எரிச்சல்தான் வரும். “பன்னிரண்டாம் பெட், ஆபரேஷன் முடிஞ்சு ரெண்டாம் நாள், பி.பி. 84க்கு 50, யூரின் நாலு மணி நேரத்துல 60 மில்லி, உள்ளே ரத்தம் கசியுதோன்னு நினைக்கிறேன், நீங்க வந்து பார்க்கணும்” என்றால் அரை நிமிடம். வாய்மொழி ஆர்டரை எழுதிக்கொண்டு திருப்பிப் படித்துக் காட்டுங்கள். ‘ஃபிஃப்டீன்’, ‘ஃபிஃப்டி’ இரண்டும் போனில் ஒன்றுபோலத்தான் கேட்கும், “ஒன்று, ஐந்து” என்று இலக்கத்தைப் பிரித்துச் சொல்லுங்கள்.

எல்லாவற்றையும் இந்தக் கணக்கில் சேர்க்கவும் கூடாது. நன்றாக வேலை பார்த்தவர் திடீரென்று மாறிப்போனால் முதலில் உட்காரவைத்துக் கேளுங்கள். தொடர் நைட் டூட்டி, தைராய்டு, வீட்டில் ஒரு சாவு, காது மந்தம் எதுவாகவும் இருக்கலாம். வெளிமாநிலத்திலிருந்து வந்தவர் சுருக்கமாகப் பேசினால் அது தமிழ் போதாமையாக இருக்கும். மறுபுறம், பெண் ஊழியரிடம் தவறாகப் பேசுபவரையும் தொடுபவரையும் ‘அவருக்குத் தெரியாம நடந்திருக்கும்’ என்று மூடிமறைக்க வேண்டாம். அதற்குப் பணியிடப் பாலியல் தொல்லையைத் தடுக்கும் 2013 சட்டம் இருக்கிறது. பத்து பேரோ அதற்கு மேலோ வேலை பார்க்கும் இடத்தில் உள்புகார்க் குழு இருந்தாக வேண்டும், சம்பவம் நடந்த மூன்று மாதத்துக்குள் எழுத்தில் புகார் கொடுக்க வேண்டும்.

நம் முதுகை நாமும் பார்த்துக்கொள்ள ஒரு வழி உண்டு. “நான் எப்படி ஓவர் கொடுக்கிறேன்?” என்று கேட்டால் “நல்லாத்தான் கொடுக்கறீங்க” என்றுதான் பதில் வரும். “இன்னிக்கு நான் கொடுத்த ஓவர்ல, திரும்ப சார்ட்டைப் பார்த்துத் தேட வேண்டி வந்தது எது?” என்று கேளுங்கள், ஷிப்டு முடிவில், உங்களைவிட ஜூனியரிடம். முதல் சில நாள் ஒன்றும் சொல்லமாட்டார்கள். சொன்ன அன்று நீங்கள் விளக்கம் கொடுக்காமல் இருந்தால் பிறகு சொல்வார்கள்.

கடைசியாக நிர்வாகங்களுக்கு. ஓவர் கொடுக்கும் முறையை வகுத்து, பயிற்சி கொடுத்து, கவனித்துத் திருத்தியபோது என்ன ஆனது என்று அமெரிக்காவிலும் கனடாவிலும் ஒன்பது மருத்துவமனைகளில் குழந்தைகள் நலப் பிரிவு பயிற்சி மருத்துவர்களிடம் பார்த்தார்கள். ‘ஐபாஸ்’ என்ற அந்த ஆய்வு 2014ல் வெளியானது. மருத்துவப் பிழைகள் 23 சதவீதமும், தவிர்த்திருக்கக்கூடிய பாதிப்புகள் 30 சதவீதமும் குறைந்தன. நேரமும் கூடவில்லை, ஒரு நோயாளிக்கு ஏறக்குறைய 2.5 நிமிடம்தான். யார் தன்னை அறிந்தவர், யார் அறியாதவர் என்று பிரித்துப் பார்க்காமல் எல்லோரையும் ஒரே வரிசையில் பேசவைத்ததுதான் அங்கே நடந்தது. கதை சொல்லும் சிஸ்டருக்கும் அந்த வரிசை பிடிமானமாகிவிடும்.

ஆனால் 2.5 நிமிடம் வீதம் 12 நோயாளிக்கு அரைமணி நேரம். நம் மருத்துவமனைகள் பலவற்றில் ஒரு ஷிப்டு முடியும் நொடியில் அடுத்தது தொடங்குவதாக டூட்டி பட்டியல் போடுகிறார்கள். ஓவருக்கான அரைமணி யாருடைய நேரம்? பஸ்ஸைப் பிடிக்க ஓடுபவருடையதா, கையெழுத்துப் போட இன்னும் வராதவருடையதா? இரண்டு ஷிப்டுக்கும் பொதுவான அரைமணியைப் பட்டியலிலேயே போட்டு, அதற்குச் சம்பளமும் கணக்கிட வேண்டும். ஓவர் கட்டிலருகில் நடக்க வேண்டும், பம்பையும் சார்ட்டையும் இருவரும் சேர்ந்து பார்த்துக் கையெழுத்திட வேண்டும், அந்த அரைமணியில் எமர்ஜென்சி தவிர வேறு எதற்கும் நர்ஸைக் கூப்பிடக் கூடாது. இதை உத்தரவாகப் போட ஒரு பக்கத் தாள் போதும்.

இப்படிக்கு,
செவிலியர் பணியிலும் பயிற்சியிலும் உள்ள சிலர்,
மதுரை.